மஞ்சள் பொட்டு வைத்த கிளாஸ்

நீங்கள் மூன்று பேரும் காலையில் குடிப்பதை டீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவன் வெந்நீரில் நூல் கட்டிய பையைத் தொங்கவிட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நடுவிலவள் ஏதோ பச்சை இலையை அவித்துக் குடித்துவிட்டு உடம்பு இளைக்கிறது என்கிறாள். சின்னவன் கம்பெனியில் மெஷின் துப்புகிற தண்ணீரைக் காகிதக் கப்பில் பிடித்துக் குடிக்கிறான். குடியுங்கள். உங்கள் வாய், உங்கள் தண்ணீர்.

ஆனால் போன வாரம் நடுவிலவள், "அப்பா, சின்ன வயசுல உங்களுக்கு எந்த டீ பிடிக்கும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், அர்த்தத்தைத் திருத்தாதீர்கள்.

என் வயசுக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து "அந்தக் காலத்து டீ மாதிரி வருமா" என்று நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஐயா, நீங்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் இருந்தவர்கள்தான். எதில் குடித்தீர்கள், யார் பக்கத்தில் நின்று குடித்தீர்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயசு. நம்ம ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தது. சூளகிரிக்கு இந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டு ஓரம். இப்போது கம்பெனி பஸ் வரிசையாகப் போகிற அதே ரோடு, அப்போது ஒரு லாரி போனால் அடுத்த லாரி வருவதற்குள் ஆடு குறுக்கே படுத்துத் தூங்கிவிட்டு எழுந்து போகும். அந்த ரோட்டுக்கு என் அப்பா கேங் மேஸ்திரி. கூலி ஆட்களை வைத்துப் பள்ளம் அடைப்பது, தார் ஊற்றுவது, மைல் கல்லுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. காக்கி அரை டிராயர், கையில் ஒரு குடை. வெயிலுக்கு விரிக்கமாட்டார், சும்மா பிடித்துக்கொண்டிருப்பார். அதுதான் அதிகாரம்.

ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. கடை என்றால் நாலு குத்துக்கால், மேலே ஓலை. நம்ம பக்கத்தில் கொட்டாய் என்போமே, அதுதான். நடத்தியவர் ஒரு லாரி டிரைவரின் பெண்டாட்டி. டிரைவர் ஒரு மழையில் லாரியோடு பாலத்திலிருந்து விழுந்து போய்விட்டார். இந்த அம்மாவுக்கு வேறு ஆள் இல்லை. வீட்டில் தெலுங்கு, லாரிக்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று பாஷையிலும் ஒரே சத்தம்தான், தணிந்து பேசத் தெரியாது. என்னைச் செல்லமாக "நைனா" என்பார்.

அந்த அம்மா கொட்டாய் போட வந்தபோது ரோட்டு எல்லை எது என்று காட்டியவர் என் அப்பாதான். எல்லைக் கல் எப்போதோ லாரி மோதிப் போய்விட்டிருந்தது. அப்பா டேப்பு பிடித்து அளந்து, "எல்லைக்கு ரெண்டு அடி தள்ளியே நடும்மா. நாளைக்கு எவனும் கேட்கக்கூடாது" என்று சொல்லி, முதல் குத்துக்காலை அவரே பிடித்துக்கொண்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டீ. துணிப் பையில் தூளைப் போட்டுப் பித்தளைச் செம்பில் கொதிக்கவைத்துப் பிழிவார். அந்தத் துணி தாரில் முக்கி எடுத்தது போல இருக்கும். லாரிக்காரர்களுக்குப் பால் குறைவு, நாக்கில் கரகரவென்று பிடிக்கவேண்டும். கூலி ஆட்களுக்கு வெல்லம் போட்டது, ஏனென்றால் அதுதான் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடும். என் அப்பாவுக்குத் தூள் குறைத்து இளசாக, ஒரு வர்க்கி பிஸ்கட்டோடு. வர்க்கியை முக்கி, அது உடைந்து உள்ளே விழுந்தால் அன்று முழுக்க அவருக்கு மனசு சரியிருக்காது.

பெரியப்பாவுக்குத் தனிப் பக்குவம். அப்பாவின் அண்ணன். ஊரில் பாதி நிலம் அவருடையது. நாங்கள் குடியிருந்த வீடும் அவர் பெயரில்தான் இருந்தது. அவர் வீட்டில் பெங்களூரிலிருந்து காபித்தூள் வரும். டீ என்றால் கூலிக்காரன் குடிக்கிற கழனித் தண்ணீர், அதைக் குடித்தால் பிள்ளைகள் கறுத்துப்போகும், ஆம்பிளைக்கு ரத்தம் சுண்டும் என்று ஊர் பூராவும் சொன்னவர் அவர்தான். தினமும் காலையில் பத்து மணிக்கு அந்தக் கொட்டாய்க்கு வந்து குடித்தவரும் அவர்தான். பால் ஏட்டைத் தூக்கி மேலே போடச் சொல்வார். கேட்டால், "டீயா? பால்டா. கொஞ்சம் நெறத்துக்கு விட்டிருக்கா" என்பார். அந்த மனுஷனைப் பார்த்து ஊரே கைகட்டி நின்றது.

கூலி ஆட்கள் எதில் குடித்தார்கள் தெரியுமா? கொட்டாங்குச்சியில். ஆளுக்கு ஒன்று. ஓலைச் சரிவில் செருகி வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு அவர்களே கழுவி அவர்களே செருகவேண்டும். அந்த அம்மா தூரத்திலிருந்து, கை படாமல் ஊற்றவேண்டும். மற்றவர்களுக்குப் பித்தளை டம்ளர். நான் ஒன்பது வயசுப் பயல், எனக்கும் பித்தளை டம்ளர். தார்ச்சட்டி சுமக்கிறவர் ஒருவர் இருந்தார், என் அப்பாவைவிட மூத்தவர். அவரை நான் "டேய்" என்றுதான் கூப்பிடுவேன். யாரும் என்னை அடிக்கவில்லை. அவரும் "என்ன சாமி" என்று திரும்புவார். இன்றைக்கு இதை எழுதும்போது "அவர்" என்று போடுகிறேன். எழுபது வருஷம் தாமதம்.

ஒரு நாள் கொட்டாங்குச்சியில் பூரான் இருந்து தார்ச்சட்டிக்காரர் உதட்டில் கடித்துவிட்டது. வாய் வீங்கி, சோறு இறங்காமல் மூன்று நாள் கிடந்தார். அடுத்த வாரம் ஒரு கன்னட லாரிக்காரர் பெங்களூரிலிருந்து வைக்கோல் சுற்றிய பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே இரண்டு டஜன் கண்ணாடி கிளாஸ். அந்த அம்மா கொட்டாங்குச்சியை எல்லாம் உருவி அடுப்பில் போட்டுவிட்டு, பித்தளை டம்ளரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கிளாஸில் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

பத்து மணிக்குப் பெரியப்பா வந்தார். தார்ச்சட்டிக்காரர் கையில் ஒரு கிளாஸ். பெரியப்பாவுக்கு முன்னால் அதே மாதிரி ஒரு கிளாஸ்.

"இது என்னம்மா புதுப் பழக்கம்?"

"கண்ணாடிங்க. சுத்தமா இருக்கும். உள்ள இருக்கிறது வெளிய தெரியும்."

"அது தெரியுது. எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"கழுவினா எல்லாம் ஒண்ணாத்தானுங்க இருக்கு."

பெரியப்பா குடிக்காமல் எழுந்து போனார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். அம்மா கொண்டுவந்த மோரைத் தொடவில்லை. "மைல் கல்லுக்கு அடிக்கிற மஞ்சப் பெயிண்ட் இருக்குதில்ல உன்கிட்ட? ஒரு டப்பா அவகிட்டக் கொடு. அந்த ஆளுங்க குடிக்கிற கிளாஸ் அடியில ஒரு பொட்டு வைக்கச் சொல்லு. அவங்க கிளாஸ் அவங்களுக்கு, நம்ம கிளாஸ் நமக்கு" என்றார்.

அப்பா "சரிண்ணா" என்றார். அரசாங்கத்துப் பெயிண்ட். வீட்டில் அம்மா பெட்டிக்கு அடிக்கக் கேட்டபோது, "அரசாங்கச் சொத்துடி" என்று குரலை உயர்த்தினவர். மறுநாள் காலையில் அப்பாவோடு நான்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். டீக்கடை அம்மா டீ போட்டுக்கொண்டே அப்பா சொல்வதை முழுக்கக் கேட்டார். "அவ்வளவுதானே? வச்சிடறேன் மேஸ்திரி" என்றார்.

வைத்தார். இரண்டு டஜனுக்கும் வைத்தார். ஒன்று விடாமல்.

பத்து மணிக்குப் பெரியப்பா கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தார். மஞ்சள் பொட்டு. கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார். அதிலும் பொட்டு. கூடையில் கவிழ்த்திருந்ததை எல்லாம் பார்த்தார். வரிசையாக இருபத்துநாலு பொட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற சுமங்கலிகள் மாதிரி.

"என்னம்மா இது? எல்லாத்துக்கும் வச்சிருக்கியே?"

"அவங்க குடிக்கிற கிளாஸுக்கு வைக்கச் சொன்னீங்க. அவங்க எல்லாத்திலயும்தானுங்க குடிச்சிருக்காங்க."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷன் என்ன செய்திருப்பான்? ஒன்று, அதிலேயே குடித்திருப்பான். இல்லை, டீயை விட்டிருப்பான். நம்ம ஊர்ப் பெரிய மனுஷர்கள் இரண்டும் செய்யவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே டம்ளர் கொண்டுவர ஆரம்பித்தார்கள்! பெரியப்பா துண்டுக்குள் மறைத்து ஒரு பித்தளை டம்ளர். அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர். நேற்று வரை கூலிக்காரன் தன் பாத்திரத்தைத் தானே வைத்துக்கொள்ளவேண்டும் என்றவர்கள், இன்று தங்கள் பாத்திரத்தைத் தாங்களே தூக்கிக்கொண்டு, தாங்களே வாய்க்காலில் கழுவிக்கொண்டு போனார்கள். கூலி ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் குடித்தார்கள். இதைவிடக் கேவலம் தங்களுக்கு நடக்கமுடியாது என்பது அந்தப் பெரிய தலைகளில் ஒன்றுக்குக்கூட உறைக்கவில்லை. அது கௌரவம் என்று நினைத்தார்கள்.

என் அப்பாவும் டம்ளர் கொண்டுபோனார். இல்லை, தப்பு. அப்பாவுக்கு ஒரு கையில் குடை. டம்ளரைத் தூக்கியவன் நான்.

அந்த அம்மா அதற்கும் அசரவில்லை. கொண்டுவந்த டம்ளர்கள் சின்னதும் பெரிதுமாக இருந்தன. பெரியப்பாவுடையது ஏறக்குறைய ஒரு சொம்பு. அந்த அம்மா முதலில் மஞ்சள் பொட்டு கிளாஸில் டீயை ஊற்றினார். பிறகு அந்த கிளாஸிலிருந்து பெரியப்பாவின் டம்ளரில் கவிழ்த்தார்.

"ஏய்! என்ன பண்ற நீ? அந்த கிளாஸ்ல ஊத்தி எனக்கு ஊத்தறியா?"

"அளவு தெரிய வேணாமுங்களா?"

தார்ச்சட்டிக்காரர் சிரித்துவிட்டார். அடக்கித்தான் பார்த்தார், முடியவில்லை. வாயில் இருந்த டீ மூக்கு வழியாக வந்தது. அதைப் பார்த்து மற்ற கூலி ஆட்கள் சிரித்தார்கள். லாரியில் சாய்ந்திருந்த கன்னடக்காரருக்குப் பாதி பாஷைதான் புரிந்தது, அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா என் பிடரியில் ஒன்று போட்டார்.

பெரியப்பா டம்ளரைக் கவிழ்த்து டீயை மண்ணில் ஊற்றிவிட்டு நடந்தார். காலில் சிந்தியது. அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

நாலு நாள் கழித்து அப்பாவின் மேலதிகாரி ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். ரோட்டு எல்லைக்குள் கொட்டாய் இருக்கிறது என்று மனு போயிருக்கிறதாம். மனு எழுதியது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதற்கு முந்தின சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் பேசியதை நான் கேட்டேன். சத்தமே போடவில்லை அவர். "நாளைக்கு அளக்கறப்ப எல்லைக்குள்ள வரணும். இந்த வீட்டுல நீ இருக்கிறது என் தயவு. நான் ஒண்ணும் சொல்லலை. நீயே யோசிச்சிக்கோ" என்றார். அப்பா தரையைப் பார்த்து நின்றார். அம்மா உள்ளேயிருந்து, "அந்தப் பொம்பளை என்னங்க பண்ணுவா?" என்று ஒரு தடவை கேட்டாள். "வாயை மூடு" என்றார். அண்ணனிடம் வராத குரல் அம்மாவிடம் நன்றாக வந்தது.

ஓவர்சியர் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கடையிலேயே ஒரு டீ வாங்கிக் குடித்தார். கிளாஸின் அடியில் இருந்த பொட்டைப் பார்த்து, "அட, அழகுக்கு வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க, அழகுக்குத்தான்" என்றார் அந்த அம்மா. ஓவர்சியர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சரி மேஸ்திரி, அளந்துடலாம்" என்றார்.

டேப்பின் ஒரு நுனியை நடு ரோட்டில் வைத்துப் பிடிக்கவேண்டும். அங்கிருந்து கொட்டாயின் முன்கால் வரைக்கும் எத்தனை அடி என்பதுதான் கணக்கு; அடி குறைந்தால் எல்லைக்குள். அப்பா நுனியை என் கையில் கொடுத்தார். கூலி ஆள் யாரிடமும் கொடுக்கவில்லை. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. நான் நடு ரோட்டில், இரண்டு பக்கமும் சரியாகப் பார்த்து, குத்தவைத்து உட்கார்ந்தேன். வெயிலில் தார் இளகி உள்ளங்காலில் ஒட்டியது. ஓவர்சியர் கொட்டாய்ப் பக்கம் நின்று டேப்பை இழுத்துக் குனிந்தார்.

"டேய், லாரி வருதுடா. இந்தப் பக்கம் தள்ளி வா" என்றார் அப்பா.

நான் திரும்பிப் பார்த்தேன். ஓசூர்ப் பக்கம் ரோடு வெறிச்சென்று கிடந்தது. கிருஷ்ணகிரிப் பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. ஒரு காகம்கூட இல்லை.

"லாரி எங்கப்பா?"

"தள்ளி வாடான்னா!"

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடிக்கப்போகிற முகம் இல்லை, அடி வாங்கப்போகிற முகம். டேப்பு நுனியோடு கடைப் பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்தேன். டேப்பு தொய்ந்தது. ஓவர்சியர் தொய்வை இழுத்துக்கொண்டு, எண்ணைப் படித்து, நோட்டில் எழுதினார். தலை நிமிரவே இல்லை. அவர் படித்த படிப்புக்கு இது போதும்.

"உள்ளதான் வருது. மூணு நாள்ல பிரிச்சிடும்மா."

அந்த அம்மா ஓவர்சியரை விட்டுத் திரும்பினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா குடையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, முதல் தடவையாகத் தணிந்த குரலில், "லாரி வந்துச்சா நைனா?" என்று கேட்டார்.

எனக்கு வாய் இருந்தது. ஓவர்சியர் பத்தடியில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டிருந்தார். "வரலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடியும் அளந்திருப்பார். நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தோல் உறைக்குள் கடைசி நுனி போகிற வரைக்கும் சுற்றினேன்.

சின்னப் பையன், பயந்துவிட்டான் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லாதீர்கள். பயந்தவன் என் அப்பா. எனக்கு என்ன நடக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது, பயமும் பெரிதாக இல்லை. பெரிய மனுஷர்கள் பக்கம் நிற்கிறோம் என்ற ஒரு சுகம்தான் இருந்தது. அதற்குப் பேர் பயம் இல்லை.

கொட்டாயைப் பிரித்ததும் குத்துக்காலையும் ஓலையையும் கூலி ஆட்கள்தான் சுமந்தார்கள். அப்போது சேரி என்பார்கள், இப்போது காலனி என்கிறோம். அதன் தலைப்பில் தார்ச்சட்டிக்காரருக்கு ஒரு துண்டு நிலம், அவர் பெயரிலேயே பட்டா இருந்தது. அங்கே நட்டார்கள். ரோட்டிலிருந்து நூறு அடி உள்ளே. எந்த டேப்புக்கும் எட்டாது. லாரிக்காரர்களுக்கு நூறு அடி ஒரு தூரமா? நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார்கள். முன்னைவிடக் கூட்டம்.

நம்ம ஊர்ப் பெரிய தலைகளுக்குத்தான் அந்த நூறு அடி நடக்கமுடியவில்லை. ஏழு பேரும் ஏழு டம்ளரோடு வீட்டில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா காபிதான் உசத்தி என்று மறுபடியும் ஆரம்பித்தார். பத்து மணியானால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கூலி ஆட்கள் மேல் எரிந்து விழுந்தார்.

அப்பா இருபது நாள் தாங்கினார். அம்மா வாங்கிவைத்த தூளில் தினமும் டீ போட்டுக் கொடுப்பாள். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார். வர்க்கி அப்படியே இருக்கும். ஒரு மத்தியானம், வேலை நடக்கிற இடத்திலிருந்து வந்து, என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, டம்ளரைக் கையில் கொடுத்து, "போய் வாங்கிட்டு வா. சுத்திப் போ. யாராவது கேட்டா பால் வாங்கப் போறேன்னு சொல்லு" என்றார்.

போனேன். அந்த அம்மா என்னையும் டம்ளரையும் பார்த்தார்.

"அப்பாவுக்கா நைனா?"

தலையாட்டினேன்.

"இங்க வந்து குடிக்கிறவங்களுக்குத்தான் டீ. எடுத்துட்டுப் போறதுக்கு இல்லை. உங்கப்பாவை வரச் சொல்லு, இளசாப் போட்டு வைக்கிறேன். வர்க்கியும் இருக்குது." குரலில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் ஓடிவந்திருப்பேன். பிறகு, "நீ வந்துட்டியே, நீ குடி" என்று ஒரு கிளாஸை நீட்டினார்.

தார்ச்சட்டிக்காரர் பெஞ்சில் இருந்தார். தள்ளி உட்கார்ந்து, துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டு, "உட்காரு சாமி" என்றார். அவருடைய நிலம், அவருடைய பெஞ்சு. டேப்பு பிடித்த கை எது என்று அவருக்குத் தெரியும். அப்படியும் தட்டிவிட்டார்.

நான் உட்காரவில்லை. குடித்தேன், ஆனால் நின்றுகொண்டு குடித்தேன். சுடச்சுட, வாய் பொத்துப்போகிற மாதிரி, வெல்லம் போட்ட டீ. எந்த டீ பிடிக்கும் என்று கேட்டாயே மகளே, அதுதான். அதைவிட நல்ல டீயை நான் இதுவரைக்கும் குடித்ததில்லை. அதை உட்கார்ந்து குடிக்க எனக்கு யோக்கியதை வரவில்லை.

காலி டம்ளரோடு திரும்பினேன். அப்பா கொல்லைப்படல் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா?"

"அங்க வந்துதான் குடிக்கணுமாம்."

அவர் கொஞ்ச நேரம் காலனிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து கொட்டாயின் புகை தெரியும். ஒரு கால் படலுக்கு வெளியே இருந்தது. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நீ குடிச்சியா?" என்றார்.

"இல்லைப்பா."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். வெளியே இருந்த காலை உள்ளே எடுத்துவைத்துப் படலைச் சாத்தினார்.

"வாயைத் தொடைச்சிக்கிட்டு உள்ள போ. உங்க பெரியப்பா வந்திருக்காரு."